பெரிய வாத்தியாரின் துலாவும் கடலுக்குள் கிடந்த நால்வரும்

எங்கள் துறையில் மீனை ஐஸில் போட்டு வைக்கும் முதல் ஐஸ் வாடியைக் கட்டியவன் நான். அதற்கு முன்பு மத்தியானத்துக்குள் விலைப்படாத மீன் கருவாடாகத்தான் போகும். முதல் இயந்திர வள்ளத்தை இறக்கியவனும் நான்தான். சத்தத்துக்கு மீனெல்லாம் இந்தியாவுக்கு ஓடிவிடும் என்று கரையில் நின்று சிரித்தவர்களில் மூன்று பேர் மறு வருடமே வந்து, இயந்திரம் எங்கே எடுத்தாய் என்று மெல்லக் கேட்டார்கள். தோட்டக் கிணறுகளுக்கு நீர் இறைக்கும் இயந்திரம் இந்தப் பகுதிக்கு வந்ததும் என் கையால். இரண்டு லொறி ஓடவிட்டேன். புயலில் கூரை போன வாசிகசாலைக்கு ஓடு போட்டுக் கொடுத்தேன். கல்வீடு கட்டினேன், அத்தனை உப்புக் காற்றிலும் அதன் கதவுகள் இன்றைக்கும் ஒரு விரலால் தள்ளத் திறக்கும். எனக்கு மலாயாவில் மாமன் இல்லை. சீதனமாக வந்த காணி இல்லை. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை.

இதையெல்லாம் முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னால் நான் சொல்லப் போவதைப் பெருமைக்காரனின் பேச்சு என்று தள்ளிவிடுவீர்கள். பெருமைக்காரன்தான். ஆனால் நான் கட்டியதாகச் சொன்னது எதையாவது போய்த் தட்டிப் பாருங்கள், கல் இருக்கும். இனிச் சொல்வதும் அப்படித்தான்.

மூன்றாம் வகுப்பு வாங்குப் பலகையில் என்னோடு நெருக்கியடித்து இருந்தவர்களே, நம்முடைய பள்ளிக்கூடத்துக்கு விழா எடுக்கிறீர்கள், மலர் போடுகிறீர்கள். நல்லது. மலருக்காக எழுதிய பள்ளி வரலாற்றை மலர்க்குழுத் தலைவர் என் வீட்டுக்கு வந்து வாசித்துக் காட்டினார். அந்தக் காலத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்து சிலேட்டை எச்சில் தொட்டு அழித்தவர் அவர். அதில் ஓரிடத்தில், போர்க்காலத்தில் கடலில் வீழ்ந்த குண்டு விமானத்தின் இடத்தைக் கண்டுபிடித்து, மாண்டவர்களின் எச்சங்கள் மீட்கப்படக் காரணமாக இருந்தவர் அன்றைய தலைமையாசிரியர் என்று எழுதியிருக்கிறது.

அதில் பாதி உண்மை. மற்றப் பாதி நான்.

*

அந்தத் தலைமையாசிரியரை, நம்முடைய பெரிய வாத்தியாரை, உங்களுக்கு நினைவிருக்கும். கறுப்புக் கோட்டு, வெள்ளை வேட்டி, கையில் குடை. வேதக்காரர், மிஷன் வளவுக்குள்ளேயே வீடு. அடிக்க மாட்டார். அடித்தால் கை அழுக்காகும் என்று நினைப்பவர்போல இருப்பார். அவருடைய தண்டனை துலா மிதிப்பது.

உங்கள் பேரப்பிள்ளைகள் துலாவைக் கண்டிருக்க மாட்டார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன். கிணற்றடியில் ஒரு கவர்க்கால் நட்டு, அதன் மேல் நெடிய பனைமரத்தைக் குறுக்கே பூட்டியிருக்கும். ஒரு நுனியில் கயிறும் தண்ணீர் மொள்ளும் ஓலைப் பட்டையும். மேலே ஏறி முன்னுக்கு நடந்தால் பட்டை கிணற்றுக்குள் இறங்கும்; பின்னுக்கு நடந்தால் தண்ணீரோடு ஏறும். கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து வாழைக்குக் கவிழ்ப்பார். மேலே நடப்பவன் பிடிக்க ஒரு மூங்கில் கட்டியிருக்கும், அவ்வளவுதான்.

நான் ஐயாவோடு கடலுக்குப் போய்விட்டு, செதில் காயாத கையோடு பள்ளிக்கூடம் போவேன். போகாத நாள் அதைவிட அதிகம். அதனால் வாரத்தில் மூன்று நாள் துலாவில் நான்தான். எனக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை. வகுப்பிலே இருந்தால் சுவர் தெரியும். துலாவின் உச்சியில் நின்றால் கடல் தெரியும். மணிக்கோபுரத்துக்கும் நீண்ட வகுப்பு மண்டபத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி. அதற்குள்ளே ஒரு முழ அகலத்துக்குக் கடல். அந்த ஒரு முழத்துக்குள் எப்போதாவது ஒரு வள்ளத்தின் பாய் நுழைந்து வெளியேறும். ஐயாவின் பாயில் காவி ஒட்டுப் போட்டிருக்கும். அது வந்தால் நான் அங்கேயே நின்றுவிடுவேன். "எட, நட," என்று கீழே இருப்பவன் கத்துவான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் படித்த பாடம் அது ஒன்றுதான். துலாவிலிருந்து கடலின் எந்தத் துண்டு தெரிகிறதோ, அந்தத் துண்டிலிருந்து துலாவும் தெரியும்.

*

அது இரண்டாம் உலக யுத்தக் காலம், புரட்டாசி மாதம். பலாலிப் பக்கம் பனைகளை வெட்டி விமானத் திடல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊரில் தோட்ட வேலைக்கு ஆள் கிடையாது. எல்லாரும் அங்கே கல் சுமக்கப் போய்விட்டார்கள். தலைக்கு மேலே இரைச்சல் பழகிப்போய், மாடுகூட நிமிர்ந்து பார்க்காத காலம்.

அன்றைக்கும் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. வள்ளத்தில் ஐயா, அம்மான், நான். அம்மான் என்றால் அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். சங்கு குளிக்கிறவர். அவர் மூச்சை அடக்கி இறங்கினால், மேலே இருப்பவர்கள் ஒரு வெற்றிலை மடித்துப் போட்டு முதல் சாறு துப்பலாம். அப்படி ஒரு ஆளை அதற்குப் பிறகு நான் காணவில்லை. என் ஐஸ் வாடிக்கு எத்தனையோ சுழியோடிகள் வந்து போனார்கள். அம்மானின் கால் பெருவிரலுக்குக் காணாது.

நான் பட்டையால் வள்ளத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டு கரையைப் பார்த்தேன். கரையில் எனக்குப் பதிலாக யார் துலாவில் நிற்கிறான் என்று பார்க்கத்தான். அப்போது கரையிலிருந்து அந்த விமானம் வந்தது. மணிக்கோபுரத்தைத் தொடுவதுபோல் தாழ வந்து, எங்களுக்கு மேலாகப் போனது. ஒரு பக்கத்து இயந்திரம் நின்றிருந்தது. அதன் வயிற்றில் ஒட்டியிருந்த செம்மண்ணைக்கூடக் கண்டேன். பிறகு அது கடலில் இருந்தது. பிறகு கடல் மட்டும் இருந்தது.

ஐயாவும் அம்மானும் துடுப்புத் தண்டை மாறி மாறி வலித்தார்கள். போய்ச் சேர அரை மணி நேரம் ஆகியிருக்கும். எண்ணெய் பரந்து வானவில் மாதிரிக் கிடந்தது. ஒரு சக்கரம் மிதந்தது. மனிதர் என்று ஒருவரும் இல்லை. அம்மான் குதித்து இறங்கிப் பார்த்தார். எண்ணெயில் கண் திறக்க முடியாமல் ஏறிவிட்டார். வடக்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது.

திரும்புவதற்கு முன் ஐயா எழுந்து நின்று கரையைப் பார்த்தார். கடலில் ஒரு இடத்தை மறவாமல் வைப்பதற்கு எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கரையில் இரண்டு பொருளை ஒன்றுக்கு நேரே ஒன்று நிறுத்திப் பார்ப்பது ஒரு கோடு. இன்னொரு பக்கத்தில் அப்படியே இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் வள்ளம் நிற்கும். பத்து வருடம் கழித்து வந்தாலும் அதே இடம்.

"கவர்ப்பனை கோபுரத்துக்கு நேர் மேலை நிக்குது மச்சான். வெளிச்சவீடு முனையை விட்டு ஒரு விரல் வெளியாலை."

"பார்த்திட்டன் அத்தான்," என்றார் அம்மான்.

கவர்ப்பனை என்பது மிஷன் வளவுக்குப் பின்னால் தோப்பில் நின்ற இரட்டைத் தலைப் பனை. வெளிச்சவீடு காங்கேசன்துறையில்; முனை அதற்கு இப்பால் கடலுக்குள் நீட்டிய கரை. பெரியவர்கள் உயரமானதைத்தான் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது இடைவெளிக்குள்ளே துலா. வழக்கமாக ஒருவன் நிற்கிற இடத்தில் நாலு பெடியன்கள் ஒருவன் பின்னால் ஒருவனாக ஏறி நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் முன்னுக்கு நின்றவர் பின்னாளில் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது உங்கள் மலர்க்குழுவில்தான் இருக்கிறார். அவரைக் கேளுங்கள்.

*

இரண்டாம் நாள் வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஜீப்பில் வந்தார். ஒல்லி. வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. அவர் பேச்சைத் தமிழில் சொல்லப் பெரிய வாத்தியார் துபாஷி. கரையிலிருந்து பார்த்தவர்கள் ஆளுக்கொரு திசை சொன்னார்கள். கிட்டப் போன வள்ளம் எங்களுடையது ஒன்றுதான் என்று யாரோ சொல்ல, துரை கரையில் வள்ளமும் வலையும் வைக்கும் எங்கள் பட்டிக்கு வந்தார்.

"அதிலை நாலு பேர் இருந்தவையாம். எவ்விடத்திலை விழுந்தது எண்டு துரை கேக்கிறார்," என்றார் வாத்தியார்.

ஐயா தலையைச் சொறிந்தார். "தொண்டைமானாத்து முகத்துக்கு நேரை, வாத்தியார். நல்லாய் வெளியிலை."

நான் வாயைத் திறந்தேன். என் பாதத்தின் மேல் அம்மானின் பாதம் வந்து அழுந்தியது.

இதைப் படிக்கும் படித்தவர்கள் ஐயாவைக் கள்ளன் என்று நினைப்பீர்கள். அவர் கள்ளன் இல்லை. கடலுக்குள் ஒரு வீடளவு பொருள் விழுந்தால் மூன்று மாதத்தில் அதைச் சுற்றி மீன் குடியேறும். மீன் கிடக்கிற இடத்தை எங்கள் ஆட்கள் மருமகனுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். மகனுக்கே சாகக் கிடக்கும்போதுதான் சொல்வார்கள். கேட்டால் பொய் சொல்வது குற்றமில்லை, கேட்டதுதான் குற்றம். அந்தப் பழக்கம் அவர் வாயில் முந்திக்கொண்டது. வீட்டுக்கு வந்து அவர் சொன்னது இதுதான்:

"செத்ததுகள் செத்துப் போச்சுதுகள். இனி அந்த இரும்பு எங்களுக்குச் சோறு போடட்டும்."

துரையின் படகு தொண்டைமானாற்றுக்கு நேரே ஒரு கிழமை, ஏழு நாளும், தேடியது. ஐப்பசி பிறந்தது, வாடைக் காற்று எழும்பியது, துரை போய்விட்டார்.

தை கழிந்து கடல் படுத்ததும் ஐயா அங்கே போனார். கலவாய் என்றால் கலவாய். ஒவ்வொன்றும் ஒரு ஆட்டுக்குட்டி அளவு. அம்மா மிளகாய் அரைத்துக் குழம்பு வைப்பாள். நான் சட்டியை வழித்து நக்குவேன். என் ஆயுளில் அப்படி ருசியான மீன் தின்றதில்லை. இதை எழுதக் கூடாதுதான், ஆனாலும் ருசி ருசிதான்.

மாசி நடுவில் வலையில் ஒரு சப்பாத்து வந்தது.

ஐயா அதைக் கடலிலேயே எறிந்திருக்கலாம். எறியவில்லை. ஏனென்று நான் கேட்டதில்லை. சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கிணற்றடியில் வைத்தார். அம்மா வந்து பிரித்தாள். சப்பாத்துக்குள் ஒரு சாம்பல் நிற மேசு, கம்பளிக் காலுறை; மேசுக்குள் எலும்பு. அம்மா கத்தவில்லை. குந்தியிருந்து, மேசின் குதிக்காலை விரலால் தடவிப் பார்த்தாள். அங்கே நீல நூலால் ஒட்டுப் போட்டிருந்தது. நெருக்கமான, கோணலான தையல்.

"இது கடையிலை தைச்சதில்லை," என்றாள். "கண் தெரியாத ஒருத்தி விளக்கைக் கிட்ட வைச்சுக்கொண்டு இழுத்த தையல்."

ஐயா சாக்கை எடுத்து உதறி மடித்தார்.

"இஞ்சாருங்கோ. உந்தக் கலவாய் இவ்வளவு நாளும் என்னத்தைத் திண்டு கொழுத்தது?"

அம்மா எழும்பிப் போய் மீன் சட்டியை எடுத்து வந்து வேலியோரம் உடைத்தாள். பிறகு புது மண்முட்டி ஒன்றில் அந்த எலும்பை வைத்து, பூவரசின் கீழே புதைத்து, ஒரு கல்லை நட்டாள். மேசுக் காலுறையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, காயவைத்து, தன் ஓலைக் கொட்டப்பெட்டிக்குள் வைத்தாள்.

"அதுகளைக் கரைக்குக் கொண்டுவருமட்டும் இந்த வீட்டிலை மீன் சமைக்கிறேல்லை."

*

மீன்பிடிகாரன் வீட்டில் மூன்று கிழமை முருங்கையிலையும் கத்தரிக்காயும். பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் கேட்டார்: "என்ன அண்ணை, சந்நிதி முருகனுக்கு விரதமோ? மீனுக்கு உங்களோடை கோபமோ?"

"ஓம், கோபம்தான்," என்றார் ஐயா.

மூன்று கிழமை அவர் கடலுக்குப் போகவில்லை, பட்டியில் இருந்து கிழியாத வலையைப் பொத்தினார். இன்றைக்கு யோசித்தால் தெரிகிறது, அவர் பயந்தது சிறைக்கு இல்லை. பொய்யன் என்று பெரிய வாத்தியாருக்கு முன்னால் நிற்க வேண்டுமே என்றுதான். அந்த மூன்று கிழமையும் அவர் வீணாக்கினார். அதற்குள் என்ன நடந்துவிட்டது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பங்குனியில் ஒரு நாள் காலையில் தோளில் சால்வையைப் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். வாத்தியாரைக் கூப்பிட்டார், வாத்தியார் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்களோடு பலாலிக்கு நடந்தார். அதே துரை ஒரு தகரக் கொட்டிலில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார்.

"துரை, நான் முந்திச் சொன்னது பொய்," என்றார் ஐயா. "இடம் வேறை. எனக்குத் தெரியும்."

வாத்தியார் அவரைப் பார்த்தார். "இதை நான் எப்பிடிச் சொல்லுறது? ஞாபகப் பிசகு எண்டு சொல்லட்டோ?"

"வேண்டாம் வாத்தியார். பொய் எண்டே சொல்லுங்கோ."

வாத்தியார் சொன்னார். துரை மேசையில் கிடந்த கடிதக் கட்டை இழுத்து எடுத்தார். பிறகு மெதுவாக ஏதோ பேசினார். வாத்தியார் எங்களுக்குச் சொன்னார்: "தன்ரை ஊரிலையும் மீன்காரர் இடம் சொல்லமாட்டினமாம். எண்டாலும் நாலு வீட்டிலையிருந்து கடிதம் வந்துகொண்டு இருக்குதாம்."

ஏசுவார், பிடித்து அடைப்பார் என்று நினைத்து வந்த எனக்கு அந்த வார்த்தையோடு துரை பெரிய மனிதராகத் தெரிந்தார். ஐயாவும் அன்றைக்குத்தான் எனக்குப் பெரிய மனிதர் ஆனார். பிறகு நான் எத்தனையோ பேரோடு தொழில் செய்திருக்கிறேன். பொய்யைப் பொய் என்று சொல்லச் சொன்ன ஆள் அவர் ஒருவர்தான்.

துரை சொன்னார், படகு மூன்று நாளைக்குத்தான் கிடைக்கும். பிறகு அது திருகோணமலைக்குப் போய்விடும்.

முதல் நாள் துரையின் படகு முன்னே, எங்கள் வள்ளம் பின்னே. கோபுரம் தெரிகிற தூரத்துக்குப் போனதும் ஐயா எழுந்து நின்றார். கரையைப் பார்த்தார். கையைக் கண்ணுக்கு மேலே வைத்துப் பார்த்தார். பிறகு இருந்துவிட்டார்.

"என்ன அத்தான்?"

"பனை இல்லை."

தோப்பு இருந்த இடத்தில் வானம் இருந்தது. பலாலியில் ஒப்பந்த வேலை எடுத்த கொந்தராத்துக்காரர் பதுங்கு குழிக்கு மரம் வேண்டும் என்று அந்த மூன்று கிழமைக்குள் தோப்பை அடியோடு வெட்டிவிட்டார்கள். கரையில் திரிந்த எங்களுக்கு நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை; கவர்ப்பனையும் போய்விட்டது. விமானத்தைத் தேடுகிறவர்களின் வேலைக்காக, விமானத்தைக் காட்டுகிற பனை போனது. கோபுரம் மட்டும் தனியே நின்றது. அதற்கு நேரே பின்னால் நிறுத்த ஒன்றுமில்லை. வெளிச்சவீட்டுக் கோடு மிச்சம். ஒரு கோட்டை வைத்துக்கொண்டு தேடினால் கரையிலிருந்து இந்தியா வரைக்கும் தேடலாம்.

அன்றைக்கும் மறுநாளும் துரையின் ஆட்கள், கிணற்றில் வாளி எடுக்கும் பாதாளக் கரண்டி போன்ற கொளுக்கியை அடியில் இழுத்துக்கொண்டு போனார்கள். பாசி வந்தது. ஐயா "இஞ்சை" என்பார், அம்மான் இறங்குவார், வெறும் மணல். "இஞ்சை இல்லை, அங்கை" என்பார். இரண்டாம் நாள் பின்னேரம் அம்மானின் மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. துரை ஐயாவைக் குற்றமாகப் பார்க்கவில்லை. அதுதான் ஐயாவுக்குத் தாங்கவில்லை.

கரைக்கு வந்து வள்ளத்தை இழுத்து வைத்ததும் நான் சொன்னேன்: "ஐயா, எனக்கு இடம் தெரியும். வாத்தியாற்றை துலா இடைவெளிக்குள்ளை தெரியவேணும்."

கன்னத்தில் ஒன்று விழுந்தது. "இவ்வளவு நாளும் ஏன்ரா பேசாமல் இருந்தனி?"

"என்னை ஆர் கேட்டது?"

இரண்டாவது அடிக்கு ஓங்கிய கையை அம்மான் பிடித்தார். "அத்தான், உவன் அந்தத் துலாவிலை நிண்ட அளவுக்கு வாங்கிலை இருந்ததில்லை. உவன் சொல்லுறதையும் ஒருக்கால் பாப்பம்."

*

பொழுதுபடும் நேரம் மூவரும் வாத்தியார் வீட்டு வாசலில் நின்றோம். நான் பள்ளிக்கூடம் போகாத நாள், அந்த நாளில் கடலில் கண்டது, எல்லாவற்றையும் அவரிடம் நானே சொல்ல வேண்டியிருந்தது.

"என்ரை துலாவோ?" என்றார் வாத்தியார். கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சும்மா நிக்கிற துலாக்கால் அவ்வளவு தூரத்துக்குத் தெரியுமோ?"

"தெரியாது சேர். மேலை ஆள் நடந்தால் தெரியும். வெள்ளை உடுப்போடை நடந்தால் நல்லாய்த் தெரியும்."

"ஆர் நடக்கிறது? தோட்டக்காரன் பலாலிக்குப் போய் ஒரு மாசம். பள்ளிக்கூடமும் விடுதலை, பெடியளும் இல்லை."

ஐயாவும் அம்மானும் வள்ளத்துக்கு வேண்டும். இடைவெளியைப் பார்க்க நான் வேண்டும். வாத்தியார் கோட்டைக் கழற்றிக் கதவுக் கொளுக்கியில் மாட்டினார். அவரைக் கோட்டில்லாமல் நான் கண்டது அதுதான் முதல் தடவை. கைகள் மெலிந்து, மீசை முளைக்காத பெடியனுடையவைபோல் இருந்தன.

"சரி. விடிய நான் நடக்கிறன்," என்றார். "எப்பிடி ஏறுறது எண்டு காட்டு."

காட்டினேன். அதைத்தான் சொல்கிறேன். எனக்கு அரிச்சுவடி காட்டியவருக்குத் துலாவில் கால் வைக்கும் இடம் காட்டியவன் நான். அவர் மனைவி சமையற் குசினி வாசலில் நின்று, "விழுந்து முறிஞ்சால் ஆர் பாக்கிறது?" என்றார். "நல்ல காரியத்துக்குத்தானே விழுவன்," என்றார் வாத்தியார்.

மூன்றாம் நாள் காலை கடல் தேங்காயெண்ணெய் மாதிரிக் கிடந்தது. துபாஷி இல்லாததால் துரை ஐயாவிடம் கையால் பேசினார், ஐயா தலையால் பேசினார். நான் முன் அணியத்தில் நின்றேன். மணிக்கோபுரம், மண்டபம், நடுவில் இடைவெளி. அதற்குள் ஒன்றுமில்லை. வள்ளம் கிழக்கே நகர்ந்தது. இன்னும் ஒன்றுமில்லை. ஐயாவின் மூச்சு எனக்குப் பின்னால் கேட்டது.

அப்போது இடைவெளிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி ஏறியது. இறங்கி மறைந்தது. பிறகும் ஏறியது.

"அங்கை," என்றேன். "வாத்தியார்."

துரை தூரக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"இன்னும் கொஞ்சம் கிழக்கை. இன்னும். காணும். இப்ப வெளியாலை." வெள்ளைப் புள்ளியை இடைவெளியின் நடுவில் வைத்தபடி நான் சொல்ல, ஐயா வெளிச்சவீட்டைப் பார்த்தபடி தண்டு வலித்தார். ஒரு விரல் வெளியால் அது வந்ததும் நங்கூரக் கல்லை இறக்கினார். துரையின் படகில் இருபது வயதுக்கு மேற்பட்ட ஏழெட்டு வெள்ளைக்காரர். அத்தனை பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மான் இறங்கினார். ஏறினார். "மணல்."

ஐயா என்னைப் பார்க்கவில்லை. நான் கரையைப் பார்த்தேன். புள்ளி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

அம்மான் திரும்ப இறங்கினார். இந்த முறை நேரம் போனது. துரை தன் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு தண்ணீரைப் பார்த்தார். அம்மான் ஏறியபோது முதலில் வந்தது வலது கை. உள்ளங்கை நீளத்துக்கு வெட்டி இரத்தம் வழிந்தது. அந்தக் கையை அவர் கொடிபோலத் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தார்.

"அத்தான், தகரம்," என்றார்.

ஐயா வள்ளத்தின் அடியில் குந்தி, முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டார்.

*

படகு திருகோணமலைக்குப் போகவில்லை. துரை எப்படியோ நிறுத்தினார். சுழியோடும் உடுப்புப் போட்ட இருவர் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வழிகாட்டி இறங்கியவர் கையில் துணி சுற்றிய அம்மான். அம்மா சந்தைக்குப் போய்ப் புதுப் பனையோலைக் கடகம் வாங்கி வந்து, அதற்குள் ஐயாவின் கூறை வேட்டியைக் கிழித்து விரித்துக் கொடுத்தாள். மீன் மணம் பட்ட ஒரு பொருளும் அதுகளில் முட்டக் கூடாது என்றாள். மூன்று பேரை அம்மான் அந்தக் கடகத்தில்தான் ஏற்றினார். ஒவ்வொரு முறையும் கடகம் மேலே வரும்போது வெள்ளைக்காரர் விறைத்து நின்றார்கள். எங்கள் ஆட்களின் வள்ளங்கள் தூரத்தில் பாயை இறக்கிவிட்டு நின்றன. ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நாலாவது ஆள் உள்ளே இல்லை. துரை விரலை மடித்து மூன்று காட்டி, நாலாவது விரலை நிமிர்த்திவிட்டுக் கையை விரித்தார். ஐயா அவரைப் பூவரசடிக்குக் கூட்டிவந்தார். அம்மா கல்லைத் தானே அகற்றி, முட்டியை எடுத்துக் கொடுத்தாள். பிறகு கொட்டப்பெட்டியைத் திறந்து அந்த மேசுக் காலுறையை எடுத்தாள். மடித்து வைத்திருந்தாள், குதிக்கால் மேலே தெரிய. துரை இரண்டு கையாலும் வாங்கினார். நீலத் தையலைப் பார்த்தார். அந்த ஒல்லி மனிதர் எங்கள் வேலிக்குத் திரும்பி நின்று மூக்கைச் சீறினார். அம்மா அவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள்.

நாலு பெட்டி காங்கேசன்துறையில் ரயில் ஏறியது. அன்றைக்குப் பின்னேரம் அம்மா புது மீன் சட்டி வாங்கினாள்.

வாத்தியாரை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இடம் கண்ட அன்றைக்கு நாங்கள் எல்லாரும் அவரை மறந்துதான் போனோம். இடம் கண்டுபிடித்தாகிவிட்டது, நிறுத்தலாம் என்று அவருக்கு ஆள் அனுப்ப ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. மத்தியானம் நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் இன்னும் நடந்துகொண்டிருந்தார். கால் கொப்பளித்து உடைந்து துலாவில் இரத்தப் பொட்டுகள். பட்டையைப் பிடித்த அவர் மனைவியின் சேலை இடுப்புவரை நனைந்திருந்தது. வாழைத்தோட்டம் குளமாகி, வாழைகள் நாலு சரிந்து கிடந்தன. கிணற்றில் சேறு வந்துவிட்டது.

"சேர், கண்டுபிடிச்சாச்சு. காலமையே."

அவர் மூங்கிலைப் பிடித்தபடி நின்றார். "அப்ப நான் இறங்கலாமோ?" என்று என்னைக் கேட்டார். பெரிய வாத்தியார் என்னைக் கேட்டார்.

*

பிறகு துரையிடமிருந்து நன்றிக் கடிதம் ஒன்று வந்தது. சட்டம் போட்டுப் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டினார்கள். அதில் வாத்தியாரின் பெயர் மட்டும் இருந்தது. அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. முப்பது வருடம் அவரைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனேன். அவர் வீட்டுக் கிணற்றுக்கு என் இயந்திரத்தைப் பூட்ட ஆள் அனுப்பினேனே தவிர, நான் போகவில்லை. துலாவை அப்போதுதான் கழற்றி விறகாக்கினார்கள்.

ஐயா படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில்தான் சொன்னார். கடிதத்துக்குப் பெயர் கேட்டு வாத்தியார் அவரிடம் வந்தாராம். "என்ரை பேர் வேண்டாம், வாத்தியார். பேர் எழுதினால் முந்திச் சொன்ன பொய்யும் வெளியிலை வரும். பெடியன்ரை பேரும் வேண்டாம், ஆற்றை பெடியன் எண்டு கேப்பினம்," என்றாராம் ஐயா. வாத்தியார் சாகும்வரை அந்த வார்த்தையைக் காத்தார். நான் முகம் திருப்பிப் போனபோதெல்லாம் வாய் திறக்கவில்லை. அதைக் கேட்டுவிட்டு நான் அவர் வீட்டுக்குப் போனேன். அவரை அடக்கம் செய்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஆகவே, மலர்க்குழுவினரே, என் பங்கை எழுத வேண்டுமானால் ஐயாவின் பொய்யையும் எழுத வேண்டிவரும் என்று எனக்குத் தெரியும். அவர் மகனான நான் சொல்கிறேன், எழுதுங்கள். ஞாபகப் பிசகு என்று பூசி மெழுக வேண்டாம், பொய் என்றே எழுதுங்கள். அந்தச் சொல்லைத் தன் வாயால் கேட்டு வாங்கியவர் அவர். அம்மானின் வெட்டுப்பட்ட கையை எழுதுங்கள், அம்மா உடைத்த சட்டியை எழுதுங்கள். வெயில் உச்சிக்கு ஏறும்வரை துலா மிதித்தவர் தலைமையாசிரியர் என்று பெரிய எழுத்தில் போடுங்கள்; ஒரு எழுத்துக் குறையக் கூடாது. அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், அவரை அங்கே ஏற்றியவன் யார் என்றும் போடுங்கள்.